இடிக்கப் பிறந்த மூக்கு

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக நிற்கும் கப்பலைத் தூத்துக்குடியிலோ சென்னையிலோ கொழும்பிலோ பார்த்தவர்கள் அந்த மூக்கையும் பார்த்திருப்பார்கள். அணியத்தின், அதாவது கப்பல் முனையின், அடியில், நீர்மட்டத்தை ஒட்டி, சிவப்புச் சாயம் பூசிய பெரிய குமிழ் ஒன்று முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். சரக்கு ஏற ஏற அது தண்ணீருக்குள் போய் மறைந்துவிடும். மறைந்த மூக்கின் மேல் இழுவைப் படகுகள் ஏறிவிடக் கூடாதே என்பதற்காக, கப்பலின் இரு பக்கங்களிலும் மேலே வெள்ளைச் சாயத்தில் அதன் வடிவத்தையே சின்னமாக வரைந்து வைத்திருப்பார்கள்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய ஒன்றுக்கு முன்னால் இந்த உருண்டை எதற்கு? கூராக இருந்தால்தானே சுலபமாகப் போகும்? கேள்வி நியாயமானதுதான். கப்பல் கட்டுபவர்களே பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் பொருத்தமான கப்பலில், பொருத்தமான வேகத்தில், இந்த மழுங்கல் மூக்கு எரிபொருளில் 10 முதல் 15 சதவீதம் வரை மிச்சம் பிடித்துத் தருகிறது. உலகில் மனிதர்கள் வெளியிடும் மொத்தக் கரியமில வாயுவில் கிட்டத்தட்ட 3 சதவீதம் கப்பல்களின் புகைபோக்கிகளிலிருந்து வருகிறது என்பதால், இது சின்ன விஷயமில்லை. விசித்திரம் என்னவென்றால், மூக்கின் முன்னோருக்கு எரிபொருளோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. எதிரிக் கப்பலின் விலாவைக் குத்தித் திறப்பதுதான் அதன் குலத்தொழில்.

1980-இல் இஸ்ரேலின் ஹைஃபா நகருக்குத் தெற்கே, அத்லித் கரையோரக் கடலடியில் வெண்கலப் பொருள் ஒன்று கிடைத்தது. எடை 465 கிலோ. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய போர்க்கப்பலின் இடிமூக்கு அது. மத்தியதரைக் கடலில் அந்தக் காலத்துச் சண்டை என்றால் கப்பலே ஆயுதம். துடுப்புப் போடுபவர்கள் மூச்சைப் பிடித்து வலிக்க, கப்பல் பாய்ந்து போய் எதிரியின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே குத்தும். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் பாரசீகப் படையைச் சிதறடித்தது இந்த வித்தையால்தான். பிறகு பீரங்கி வந்தது. தூரத்திலிருந்தே அடிக்கலாம் என்றானதும் இடிமூக்குக்கு வேலை போயிற்று.

அதை மறுபடி பிரபலமாக்கியது ஒரு கடற்போர். 1866 ஜூலை 20, ஏட்ரியாட்டிக் கடலில் லிஸ்ஸா தீவருகே ஆஸ்திரியாவும் இத்தாலியும் மோதின. இரும்புக் கவசம் போட்ட கப்பல்கள். குண்டுகள் பட்டுத் தெறித்தனவே தவிரத் துளைக்கவில்லை. குழப்பத்துக்கு நடுவே ஆஸ்திரியத் தளபதி டெகெட்டாஃபின் கப்பல், நின்றுபோயிருந்த இத்தாலியின் ‘ரே டி’இத்தாலியா’வின் விலாவில் நேராகப் போய் இடித்தது. சில நிமிடங்களில் அது மூழ்கியது. அவ்வளவுதான், ஐரோப்பாவின் கடற்படைகள் எல்லாம் ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டன. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குக் கட்டப்பட்ட போர்க்கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் நீண்ட மூக்கு.

அந்த மூக்குகள் எதிரியைக் குத்தியதைவிடச் சொந்தக் கப்பல்களைக் குத்தியதுதான் அதிகம். 1875-இல் அயர்லாந்துக் கடலோர மூடுபனியில் ‘அயர்ன் டியூக்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் தன் கூட்டாளியான ‘வான்கார்ட்’டை இடித்து மூழ்கடித்தது. 1893-இல் இன்றைய லெபனானின் திரிப்போலிக்கு வெளியே, ஒத்திகையின்போது ‘கேம்பர்டவுன்’ இடித்ததில் தலைமைக் கப்பல் ‘விக்டோரியா’ கவிழ்ந்தது. தளபதி டிரையனோடு சேர்த்து 358 பேர் இறந்தார்கள். ஆயுதமாகப் பார்த்தால் இடிமூக்கு ஒரு தோல்வி. ஆனால் அந்தத் தோல்விக் காலத்தில்தான் அதன் இன்னொரு குணம் வெளியே தெரிய ஆரம்பித்தது. அதைக் கண்டுபிடித்தவர்களைப் பார்க்க, மெழுகு உருக்கும் ஒரு பொறியாளரின் வீட்டுக்குப் போக வேண்டும்.

வில்லியம் ஃப்ரூட் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தவர். புகழ்பெற்ற பொறியாளர் புருனேலிடம் வேலை பார்த்தார். ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற ராட்சதக் கப்பலைக் கட்டிய புருனேல், அது கடலில் எப்படி உருளும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னதில் ஃப்ரூடுக்குக் கப்பல் பித்துப் பிடித்தது. 1867-இல் டார்ட் ஆற்றில் இரண்டு வகைப் பொம்மைக் கப்பல்களை விட்டு இழுத்துப் பார்த்தார். ஒன்றின் பெயர் ‘ரேவன்’, அதாவது அண்டங்காக்கை. கூரான முனை கொண்டது. மற்றது ‘ஸ்வான்’, அன்னம், முனை மழுங்கியது. மெதுவாக இழுத்தபோது காக்கை ஜெயித்தது. வேகத்தைக் கூட்டியதும் அன்னம் முந்திவிட்டது. எது நல்ல வடிவம் என்ற கேள்விக்கு, ‘எந்த வேகத்தில்?’ என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் பதிலே கிடையாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த பல கோடீஸ்வரர்கள் இதை மறந்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுன் கொடுக்க, டார்க்கீ நகரில் தன் வீட்டருகே சுமார் 85 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார் ஃப்ரூட். 1872-இல் வேலை தொடங்கியது. பாரஃபின் மெழுகில் கப்பல் மாதிரிகளைச் செய்து, தொட்டியின் மேலே ஓடும் வண்டியில் கட்டி இழுத்து, எவ்வளவு இழுவிசை தேவைப்படுகிறது என்று அளந்தார். வடிவம் சரியில்லையா, மெழுகைச் சீவலாம், ஒட்டலாம், உருக்கி வேறொன்று வார்க்கலாம். இன்றும் உலகெங்கும் மாதிரியை இழுத்து அளப்பது இதே முறையில்தான். சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் இருக்கும் இழுவைத் தொட்டியும் ஏறத்தாழ அதே நீளம், 82 மீட்டர்.

தொட்டி சொன்ன செய்தி இது: கப்பலைத் தண்ணீர் இரண்டு விதமாக எதிர்க்கிறது. ஒன்று, உடலோடு உராய்வது. இன்னொன்று, அலை எழுப்புவது. கப்பலின் பின்னால் விரிந்து போகும் அழகான அலைகள் எல்லாம் நிலக்கரி எரித்துச் செய்தவை. அவற்றின் ஆற்றல் முதலாளியின் பணப்பையிலிருந்து போகிறது. ஆழ்கடலில் அந்த அலை விரியும் கோணம், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 19.5 பாகை என்று 1887-இல் கெல்வின் பிரபு கணக்கிட்டார். குளத்தில் நீந்தும் வாத்துக்கும் அட்லாண்டிக்கில் போகும் கப்பலுக்கும் அதே கோணம்தான். 1898-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்துக் கணிதவியலாளர் ஜான் ஹென்றி மிச்செல், ஒரு கப்பலின் வடிவத்தைச் சொன்னால் அது எழுப்பும் அலையின் எதிர்ப்பைக் கணக்காகவே போட்டுத் தரும் சூத்திரத்தை வெளியிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல பத்தாண்டுகள் அந்தக் கட்டுரை தூங்கியது. மிச்செலும் கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதையே விட்டுவிட்டார்.

ஃப்ரூடின் மகன் எட்மண்ட் ஃப்ரூட் தொட்டியை ஹாஸ்லருக்கு மாற்றிக்கொண்டு போனபின், ஒரு டார்ப்பிடோப் படகின் சோதனையில் வேடிக்கை நடந்தது. டார்ப்பிடோவை ஏவும் குழாயை அணியத்துக்குள் செருக வேண்டியிருந்ததால் முனை தடித்துவிட்டது. எதிர்ப்புக் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், குறைந்தது! அந்தப் புடைப்பு அலையைத் தணிக்கிறது என்று எட்மண்ட் ஊகித்தார். இடிமூக்கு வைத்த கப்பல் மாதிரிகளிலும் இதே போன்ற முடிவுகள் வந்துகொண்டிருந்தன. குத்துவதற்காக வைத்த மூக்கும், குண்டு விடுவதற்காக வைத்த குழாயும், யாரும் கேட்காமலே நிலக்கரியை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தன.

காரணம் பின்னால்தான் தெளிவாகப் புரிந்தது. ஓடும் கப்பலின் முனை தண்ணீரை முட்டித் தள்ளுவதால் அங்கே ஓர் அலைமுகடு எழுகிறது. அதற்குச் சற்று முன்னால், நீருக்கடியில் ஓர் உருண்டை போனால் அது தன் பங்குக்கு ஓர் அலைவரிசையை எழுப்பும். கப்பலின் முகடு வரும் இடத்தில் உருண்டையின் பள்ளம் வந்து விழும்படி அமைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெளிச் சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் போட்டு அடக்கும் இந்தக் காலத்து இயர்போன் செய்யும் வேலையேதான். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: அலையின் நீளம் வேகத்தைப் பொறுத்தது. வேகம் மாறினால் பள்ளம் விழும் இடமும் மாறும். முகட்டின் மேல் முகடாக விழுந்தால் மூக்கே பாரம்.

தற்செயலை வேண்டுமென்றே செய்து பார்த்தவர் அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர். வாஷிங்டனில் 1890-களின் கடைசியில் அந்த நாட்டின் முதல் பெரிய இழுவைத் தொட்டியை எழுப்பியவர் அவர். 1910-இல் பணியில் சேர்ந்த ‘டெலவேர்’ போர்க்கப்பலுக்கு அவர் குமிழ்மூக்கை வைத்தார். இடிக்கும் நோக்கமே இல்லாத முதல் மூக்குகளில் ஒன்று. ஆனால் வணிகக் கப்பல்காரர்கள் அசையவில்லை. நிலக்கரி மலிவு, உருண்டைத் தகட்டை வளைத்துச் செய்வது செலவு. கடற்படைக்குள்ளேயே இருபது ஆண்டுகள் அந்த யோசனை சுற்றிக்கொண்டிருந்தது.

1929 ஜூலையில் ஜெர்மனியின் ‘பிரெமன்’ பயணிக் கப்பல் தன் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை 4 நாள் 17 மணி 42 நிமிடத்தில் கடந்து, பிரிட்டனின் ‘மாரிட்டேனியா’ இருபது ஆண்டுகளாக வைத்திருந்த வேகப் பட்டத்தைப் பறித்தது. அடியில் டெய்லரின் குமிழ். ஆனாலும் மற்ற முதலாளிகள் இதைப் பரிசோதனை என்றே நினைத்தார்கள். 1931-இல் ‘பிரசிடென்ட் ஹூவர்’, ‘பிரசிடென்ட் கூலிட்ஜ்’ என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் துணிந்தன. பாரிசில் ஒரு ரஷ்ய அகதி இன்னும் பெரிதாகத் துணிந்துகொண்டிருந்தார்.

விளாதிமிர் யுர்கேவிச் ஜார் மன்னரின் கடற்படைக்குக் கப்பல் வரைந்தவர். ‘இஸ்மாயில்’ வகைப் போர்க்கப்பல்களுக்கு அவர் வரைந்த உடலமைப்பு, குறைந்த சக்தியில் கூடுதல் வேகம் தரும் என்று தொட்டிச் சோதனைகள் காட்டின. புரட்சி வந்தது, கப்பல்கள் முடியவேயில்லை. நான்கில் மூன்றின் கூடுகள் ஜெர்மன் பழைய இரும்பு வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தன. யுர்கேவிச் முதலில் துருக்கிக்கும் பிறகு பிரான்சுக்கும் போய், ரெனோ கார் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். வரைபடம் மட்டும் மனத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் உலகின் மிகப் பெரிய பயணிக் கப்பலைக் கட்டப் போகிறார்கள் என்று அறிந்து அந்தப் பட்டறையின் கதவைத் தட்டினார். ஹாம்பர்க் தொட்டியில் மற்ற மாதிரிகளோடு போட்டிக்கு விட்டபோது அவருடையது ஜெயித்தது. 1935-இல் ‘நார்மண்டி’ முதல் பயணத்திலேயே வேகப் பட்டத்தை வாங்கியது. அதன் போட்டியாளரான ‘குவீன் மேரி’ அதே வேகத்துக்கு இன்னும் அதிகச் சக்தியைச் செலவிட வேண்டியிருந்தது.

நார்மண்டியின் முடிவு வேதனையானது. போர்க்காலத்தில் நியூயார்க் துறையில் அதைப் படைக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 9 அன்று இரும்பு வெட்டும் சுடரின் தீப்பொறி உயிர்காப்பு மேலாடைக் குவியலில் விழுந்து தீப்பற்றியது. அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சேர, கப்பல் சாயத் தொடங்கியது. அப்போது நியூயார்க்கில் இருந்த யுர்கேவிச் ஓடி வந்து, உதவுகிறேன் என்றார். காவல் வளையத்தைத் தாண்ட அவரை விடவில்லை. கப்பலை வரைந்தவர் வெளியே நிற்க, அது துறையிலேயே படுத்துவிட்டது.

அடுத்த தாவல் ஜப்பானுக்கு. அங்கும் முதலில் போர்க்கப்பல்தான். 1941-இல் வந்த ‘யமாடோ’வின் அடியில் பெரிய குமிழ் இருந்தது. போர் முடிந்தபின் கடற்படை இல்லை, அறிவு மிஞ்சியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ இனுய், தூங்கிக்கொண்டிருந்த மிச்செலின் வழியில் வந்த கணிதத்தை எடுத்து, ‘அலையே எழுப்பாத கப்பல்’ சாத்தியமா என்று கேட்டார். டெய்லரின் குமிழ் கூச்ச சுபாவம் உள்ளது. இனுயின் குமிழோ வெட்கமில்லாமல் பெரியது. 1961 வாக்கில் செட்டோ உள்நாட்டுக் கடலில் ஓடிய ‘குரெனாய் மாரு’ என்ற பயணிக் கப்பலுக்கு அப்படியொரு மூக்கை மாட்டினார்கள். அதே வடிவில் கட்டிய சகோதரக் கப்பல் ‘முராசாகி மாரு’வுக்குப் பழைய முகமே. இரண்டையும் ஓடவிட்டு வானிலிருந்து படம் எடுத்தார்கள். ஒன்று வெள்ளை நுரை கக்கிக்கொண்டு போக, மற்றதன் முன்னால் கடல் ஏறக்குறைய அமைதியாகக் கிடந்தது. சூத்திரம் படிக்கத் தெரியாத முதலாளிக்கும் புகைப்படம் புரியும் அல்லவா?

1963-இல் மிட்சுபிஷி நாகசாகிப் பட்டறையில் கட்டிய ‘யமாஷிரோ மாரு’ சரக்குக் கப்பல், மணிக்கு 20 கடல் மைல் வேகத்தைச் சுமார் 13,500 குதிரைத்திறனில் எட்டியது. அதே தரத்துக் கப்பல்கள் 17,500 வரை கேட்டன. அதோடு கதவு திறந்துவிட்டது. அப்போது உலகில் மிக அதிகமாகக் கப்பல் கட்டிய நாடு ஜப்பான். அதைப் பார்த்து மற்றவர்கள். எண்ணெய்க் கப்பல்கள் மெதுவாகப் போகின்றன, அவற்றுக்கு இதனால் பயனில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். சரக்கில்லாமல் திரும்பும்போது அவற்றுக்கும் நல்ல மிச்சம் என்று தெரிந்ததும் அவையும் மூக்கு வைத்துக்கொண்டன. எழுபதுகளில் மூக்கில்லாத பெரிய கப்பலைப் பார்த்தால்தான் ஆச்சரியம் என்ற நிலை. பயனைப் பார்த்து வைத்தவர்களோடு, பக்கத்துப் பட்டறை வைத்ததால் தானும் வைத்தவர்களும் இருந்தார்கள்.

பழைய குணமும் முழுதாகப் போய்விடவில்லை. இரண்டு கப்பல்கள் மோதினால் இந்தக் குமிழ் எதிராளியின் உடலை நீர்மட்டத்துக்குக் கீழே துளைக்கிறது, சலாமிஸில் செய்தது போலவே. எண்ணெய்க் கப்பலின் தொட்டி கிழிந்தால் கடலே பாழ். அதனால் மோதும்போது தானே நசுங்கிவிடும் மூக்கை ஜப்பானிய ஆய்வாளர்கள் வடிவமைத்துப் பார்த்தார்கள்.

இனி வியாபாரிகளின் முறை. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கரை நாம் மறக்க முடியாது. 1956-இல் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பிக் கன்டெய்னர் யுகத்தைத் தொடங்கியவர். அவர் உருவாக்கிய சீ-லேண்ட் நிறுவனம் அறுபதுகளின் கடைசியில் எட்டு அதிவேகக் கப்பல்களுக்குச் சொன்னது. மணிக்கு 33 கடல் மைல், 1,20,000 குதிரைத்திறன். முழு வேகத்தில் ஒரு நாளைக்கு 500 டன் எண்ணெய் குடிக்கும் அசுரர்கள். பீப்பாய் எண்ணெய் 3 டாலர்தானே என்ற கணக்கு. 1972-லும் 1973-லும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வெடித்தது. சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் எட்டையும் அமெரிக்கக் கடற்படையின் தலையில் கட்டிவிட்டார்கள்.

மெக்லீன் பாடம் கற்றுக்கொண்டார். அங்கேதான் வினை. சீ-லேண்டை விட்டு விலகி, யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, கொரியாவின் தேவூ பட்டறையில் பன்னிரண்டு கப்பல்களுக்குச் சொன்னார். செலவு 57 கோடி டாலர். இந்த முறை வேகம் 18 கடல் மைல்தான். ஆனால் ஒவ்வொன்றும் 4,400 பெட்டிகளுக்கு மேல் ஏற்றும், அன்றைக்கு அதுவே உலகின் மிகப் பெரிய அளவு. ‘சிக்கனக் கப்பல்கள்’ என்றே பேர். இவை 1984-லும் 1985-லும் கடலில் இறங்கின. 1986-இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. போட்டியாளர்களின் வேகக் கப்பல்கள் மலிவான எண்ணெயில் பறக்க, மெக்லீனின் சிக்கனக் கப்பல்கள் ஊர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் திவாலானது. கப்பல்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பிற்பாடு ஓட்டியது யார் தெரியுமா? அவருடைய பழைய சீ-லேண்ட்!

என்னைக் கேட்டால், சிக்கனமான கப்பல் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய கதை இதுதான். இரண்டு முறையும் பொறியாளர்கள் கேட்டதைச் சரியாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். எண்ணெய் விலையைப் பார்த்து வேகம், வேகத்தைப் பார்த்து வடிவம் என்று கணக்குப் போய்க்கொண்டிருக்க, கட்டி முடிப்பதற்குள் விலை மாறிவிட்டது.

வேகத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு கொடூரமானது. தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 24 கடல் மைலில் போகும் கப்பல் 18-க்கு இறங்கினால் இயந்திரத்தின் சக்தி பாதிக்கும் கீழே விழும். பயணம் நீண்டாலும் மொத்த எரிபொருளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டு, உடனே உலக வணிகமும் படுத்தபோது, கன்டெய்னர் நிறுவனங்கள் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தன. மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம். அதோடு, அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல் தேவைப்படும் என்பதால் சும்மா நின்ற கப்பல்களுக்கும் வேலை. டென்மார்க்கின் மேர்ஸ்க் முன்னால் நின்றது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

அப்போது மூக்கு இடறியது. 24, 25 கடல் மைலுக்கு என்று செதுக்கிய பெரிய குமிழ், 16-லும் 18-லும் அலையை அழிக்கவில்லை. வெறுமனே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது. ஆகவே உலர்துறையில் கப்பலை நிறுத்தி, வாயுச் சுடரால் மூக்கை அறுத்து எடுத்துவிட்டு, மெது வேகத்துக்கு ஏற்ற புது மூக்கைப் பற்றவைத்தார்கள். நடுவயதில் முக அறுவை. நூற்றுக்கணக்கான டன் இரும்பை நகர்த்திச் செய்த இந்தச் சிகிச்சையில் கிடைத்தது சில சதவீத மிச்சமே. ஆனால் ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் எரிக்கும் கப்பலுக்குச் சில சதவீதம் என்றால் போட்ட பணம் சீக்கிரமே திரும்பிவிடும். 2013-இல் கொரியாவில் கட்டி வந்த மேர்ஸ்கின் 18,000 பெட்டிக் கப்பல்கள், பிறக்கும்போதே மெது நடைக்கான உடலோடு பிறந்தன.

இதுவரை கரியமில வாயு பற்றி முதலாளிகள் யாரும் கவலைப்பட்டதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1997-இன் கியோட்டோ ஒப்பந்தமே கப்பல் புகையைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. கிரேக்க முதலாளி, பனாமாக் கொடி, பிலிப்பினோ மாலுமிகள், சீனச் சரக்கு, ஜெர்மன் வாடிக்கையாளர்; நடுக்கடலில் விட்ட புகையை எந்த நாட்டின் பெயரில் எழுதுவது? சர்வதேசக் கடல்சார் அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2011 ஜூலையில், லண்டனில் அந்த அமைப்பு முதல் கட்டாய விதியைக் கொண்டுவந்தது. 2013 தொடங்கிக் கட்டப்படும் புதிய கப்பல்கள், ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுபோக எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன என்று கணக்குக் காட்ட வேண்டும். படிப்படியாகக் குறைத்து, 2025-க்குள் பெரும்பாலான வகைகளில் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அன்றைய இலக்கு.

நல்ல விதிதான், ஆனால் விதிக்குச் சந்து கண்டுபிடிப்பது வியாபாரத்தின் இயல்பு. கணக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஒரு குறிப்பிட்ட சுமையில் போடப்படுவது. அதில் ஜெயிக்க மிகச் சுலபமான வழி, சின்ன இயந்திரத்தை வைத்துவிடுவது. புயலில் எதிர்த்து நிற்கச் சக்தி போதாத கப்பல்கள் வந்துவிடுமே என்று பயந்து, குறைந்தபட்சச் சக்திக்குத் தனி விதி போட வேண்டியதாயிற்று. 2023-இல் பழைய கப்பல்களுக்கும் அளவுகோல் வந்தபோது, பலர் செய்தது இயந்திரத்துக்கு ஒரு கடிவாளம் போட்டதுதான்.

வடிவங்களோ மறுபடி உருமாறுகின்றன. அமைதியான தொட்டியில் முதல் மதிப்பெண் வாங்கும் குமிழ், கொந்தளிக்கும் கடலில் ஒவ்வொரு அலைக்கும் மேலும் கீழும் அடித்துக்கொண்டு வேகத்தை இழக்கிறது. 2006-இல் நார்வேயின் உல்ஸ்டைன் பட்டறை, ‘பூர்போன் ஓர்க்கா’ என்ற கப்பலுக்கு அணியத்தைத் தலைகீழாக, பின்னோக்கிச் சரித்து வைத்தது. பழைய புகைப்படங்களில் 1890-களின் இடிமூக்குக் கப்பல்களைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. ஜப்பானியப் பட்டறைகள் தாதுக் கப்பல்களுக்குக் கோடரி போன்ற செங்குத்து முனையை வரைந்தன. இப்போது கட்டப்படும் பெரும் கன்டெய்னர் கப்பல்கள் சிலவற்றில் குமிழ் தனியாகத் துருத்துவதில்லை. நேரான அணியத்துக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஒரே ஒரு வேகத்துக்கு அல்லாமல் பல வேகங்களுக்கும் பல சுமைகளுக்கும் சுமாராகப் பொருந்தும் முகம் வேண்டும் என்று கணினியிடம் கேட்டால் வரும் பதில் அது.

அந்தக் கேள்வி எவ்வளவு அவசியம் என்பதை 2023-இன் கடைசி காட்டியது. செங்கடலில் ஹூத்திகளின் தாக்குதல் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கூடிய தூரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டின. மெது நடைக்கென்று வெட்டி ஒட்டிய மூக்குகள் திரும்பவும் ஓட வேண்டியிருந்தது.

2023 ஜூலையில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகள், 2050 வாக்கில் கப்பல்களின் நிகர வெளியீட்டைச் சுழியமாக்க ஒப்புக்கொண்டன. பசுமை மெத்தனால் போன்ற எரிபொருள்கள் வந்துவிட்டன. விலைதான் பழைய எண்ணெயைவிடப் பல மடங்கு. எரிபொருள் விலை ஏறினால் சிக்கன வடிவத்தின் மதிப்பும் ஏறும். புகைக்கு நிலையான ஒரு விலை வைத்தால், மெக்லீனைக் கவிழ்த்த சூதாட்டம் முடிந்துவிடும்; இருபத்தைந்து ஆண்டு ஓடப்போகும் கப்பலுக்கு என்ன வேகம், என்ன முகம் என்று இன்றே துணிந்து வரையலாம். அந்த விலையை வைக்கும் திட்டம் 2025 அக்டோபரில் லண்டனில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 57-க்கு 49 என்ற கணக்கில் ஓராண்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது. பட்டறைகள் ஓராண்டு காத்திருக்கப் போவதில்லை. 2050-இல் கடலில் ஓடப்போகும் கப்பல்களுக்கு, எண்ணெய் என்ன விலை விற்கும் என்ற ஊகத்தை வைத்தே இன்றும் மூக்கு வரைந்துகொண்டிருக்கிறார்கள்.